லீவுக்குப் பூக்கவேண்டிய பெட்டூனியா

"தும்மல் வந்தா வெளிய போய்த் தும்மிட்டு வா தம்பி," என்கிறார் இஸ்திரி அக்கா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. பெட்டூனியா விதை தூசு மாதிரி. நனைத்த தீக்குச்சியின் முனையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து ஈர மண்ணின்மேல் வைக்கிறார். மண்ணைப் போட்டு மூடுவதில்லை. "இதுக்கு வெளிச்சம் பட்டாத்தான் கண்ணு திறக்கும்."

அக்கா என் எதிர்வீட்டுக்காரர். சலவைக்கடையில் துணி தேய்க்கிறார். வெளியே குழாய்த் தண்ணீர் உறையும் குளிரில் விதை எங்கே முளைக்கும்? விதைத்த தட்டைக் கண்ணாடித்தாளால் மூடிக் கடைக்கே எடுத்துப்போய், துணி உலர்த்தும் இயந்திரத்தின்மேல் வைத்துவிடுவார். அந்த இளஞ்சூட்டில் முளை வந்துவிடும். அப்புறம் வீட்டு ஜன்னல். வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறவற்றைத் தினமும் திருப்பி வைப்பார். காற்றுப் படாமல் வளர்ந்தால் சவலையாகிவிடும் என்று உள்ளங்கையால் தடவிக் கொடுப்பார். கடை முதலாளி இதற்கெல்லாம் வாயே திறப்பதில்லை. அக்கா மாதிரி சட்டைக் காலர் தேய்க்க வேறு ஆளுக்கு எங்கே போவார்?

எப்போது விதைப்பது என்பதற்கு மற்றவர்கள் குளிர் விடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அக்கா எண்ணுவது கணவரின் லீவிலிருந்து. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். "அவரு வர்ற தேதியிலேருந்து மூணு மாசம் பின்னாடி போகணும். அன்னிக்கு விதைச்சா, அவரு உள்ள நுழையறப்போ பூத்திருக்கும்."

கணக்கு சரிதான். கப்பல்தான் கேட்பதில்லை. ஒரு வருடம் தாமதமாக வந்தார்; காய்ந்த குச்சிகள் மிச்சம். இன்னொரு வருடம் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள், வெறும் இலை. மனிதர் ஒன்றைக் கிள்ளி விரலில் தேய்த்து, "என்ன கீரை இது? பிசுபிசுங்குதே, வெந்தா குழையுமா?" என்றாராம். இதைச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

படம் எடுத்து அனுப்பலாமே என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். முறைத்தார். "படம் பாக்கறதுக்கா வளக்கறேன்? பக்கத்துல நின்னு ஒரு தடவ பாக்கட்டுமே." கல்யாணமான நாளாக அந்த ஜன்னலில் பூத்த எல்லாப் பூவையும் அக்கா ஒருத்தராகவே பார்த்துத் தீர்த்திருக்கிறார்.

இந்த வருடம் கப்பல் சொன்ன தேதிக்கு வந்தது. வானம்தான் காலை வாரியது. நாள் முழுக்க மேகம். வெளிச்சம் போதாமல் எல்லாம் மொட்டிலேயே நின்றுவிட்டன. துளி வெயில் எட்டிப் பார்த்தால் போதும், அக்கா தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்தார். என் வீட்டு ஜன்னலும் தப்பவில்லை. அதற்குள் லீவு தீர்ந்துவிட்டது.

நேற்றுக் காலை கப்பல்காரர் கிளம்பினார். பெட்டியை இறக்க நானும் போயிருந்தேன். "அடுத்த தடவ பாத்துக்கலாம், விடு," என்று செருப்பை மாட்டினார். அக்கா உள்ளே போய் ஒரு தொட்டியை எடுத்துவந்தார். இருந்ததிலேயே பெரிய மொட்டை நகத்தால் கீறி, சுருண்டிருந்த இதழை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார்.

"இந்தக் கலருதான்," என்று கணவரின் முகத்தருகே நீட்டி, பிரித்த இதழ் திரும்பச் சுருளாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் பார்த்து முடிக்கும்வரை.