கட்டுவிரியன் வந்த பை

பொன்செல்விக்கு ரத்தம் பழகிவிட்டது, வாந்தி பழகிவிட்டது. சீழ் வைத்த காலைத் துடைத்த கையைக் கழுவிவிட்டு அடுத்த நிமிடமே டீ குடிப்பாள். பாம்பு மட்டும் பழகவில்லை.

பதினான்கு வருஷம் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவள். காது மந்தமாகிக்கொண்டே வரவும் தறியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் சேர்ந்தாள். கடிபட்டவரோடு கடித்ததையும் அடித்து எடுத்து வருவார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தூக்குவாளியில் வரும், ஊறுகாய் பாட்டிலில் வரும், பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் பையிலும் வரும். டாக்டர் பார்த்து முடித்ததும் கொண்டுபோய்ப் புதைப்பது அவள் வேலை. அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. ஆடித்தபசுக்குக் கோயிலுக்குப் போனால்கூட, காணிக்கையாகப் போடுகிற வெள்ளிப் பாம்புத் தகட்டை விரலால் தொடமாட்டாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குக் குமட்டுவது கட்டுவிரியன்தான். எண்ணெய் தடவியது போன்ற அந்தக் கறுப்பு மினுமினுப்பும், தூங்குகிறவர் பாயில் சூட்டுக்கு ஒண்டி வலிக்காமல் கடித்துவிட்டுப் போகிற புத்தியும்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை எட்டு மணி. பனவடலிசத்திரத்துப் பாண்டியராஜ் தன் மனைவி நிர்மலாதேவியை ஆட்டோவில் கொண்டுவந்தான். வயிற்றுவலி என்று சீட்டு வாங்கி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தான். பிறகு வராந்தா துடைத்துக்கொண்டிருந்த பொன்செல்வியிடம் வந்து ஒரு கட்டைப்பையை நீட்டினான்.

“எக்கா, இதை எங்கனயாவது பொதைச்சிருங்க.”

“என்னதுய்யா இது?”

“பாம்பு. காலையில இவ பாயைச் சுருட்டும்போது கெடந்துச்சு, அடிச்சிட்டேன். ஊருக்குள்ள போடக் கூடாதுன்னு எங்க ஊரு நாட்டு வைத்தியரு சொன்னாரு. வெள்ளிக்கோல் பாம்புதானாம், வெசம் கெடையாதாம். கடிச்ச தடமும் இல்ல. பச்சிலை குடுத்துருக்காரு.”

“வெசம் இல்லன்னா பச்சிலை எதுக்கு? டாக்டரம்மாட்ட சொன்னியா?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “சொல்லக் கூடாதாம். பாம்புக்கு ஊசி போட்டா பச்சிலை கேக்காதாம். வயித்துவலி நிக்கலன்னுதான் இங்க கூட்டியாந்தேன்.”

பொன்செல்வி பெஞ்சைப் பார்த்தாள். நிர்மலாதேவியின் இமைகள் பாதி கவிந்திருந்தன. எச்சிலை விழுங்க முடியாமல் அது தாடையில் வழிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை அவள் இதற்குமுன் பாம்பு கடித்து வந்த மூன்று பேரிடம் பார்த்திருக்கிறாள். ஒருவர் பிழைக்கவில்லை.

பையைப் பிரித்ததும் நாற்றம் மூக்கில் அறைந்தது. அடித்த அடியில் தலை கூழாகியிருந்தது. கிழிந்த வயிற்றிலிருந்து, அது விழுங்கியிருந்த குட்டிப் பாம்பொன்று பாதி கரைந்து சளியோடு தொங்கியது. கையுறைக்கு ஸ்டோர் ரூம் வரை போக வேண்டும். அவள் போகவில்லை. குழாயடியில் வைத்து வெறுங்கையால் அதன் மேலிருந்த சேற்றையும் ரத்தத்தையும் வழித்துவிட்டாள். வெள்ளிக்கோலுக்குக் கழுத்திலேயே பட்டை தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். இதற்குக் கழுத்துப் பக்கம் வெறும் கறுப்பு. கீழே போகப் போக இரண்டிரண்டாக வெள்ளைக் கோடுகள், வால் நுனி வரைக்கும்.

உள்ளங்கையில் ஏந்தியபடியே டாக்டர் மஹ்பூபாவின் அறைக்குள் போனாள்.

“கட்டுவிரியன்மா. வெளிய பெஞ்சில இருக்க பொம்பளப்பிள்ளை படுத்த பாயில கெடந்துருக்கு. வயித்துவலின்னு சொல்லிட்டு உக்காந்திருக்காவ.”

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினார். விஷமுறிவு ஊசி ஏறியது. மதியத்துக்குள் மூச்சு திணறவும், குழாய் செருகித் திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். பொன்செல்வி குழாயடியில் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். முழு சோப்பு கரைந்தும் கையில் அந்த வழுவழுப்பு போகவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கணவனும் மனைவியும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். வாசல் டீக்கடையில் பாண்டியராஜ் நாலு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். “ஊசியெல்லாம் சும்மாவே. வைத்தியரு பச்சிலைதான் உசுரைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. வேட்டி துண்டு எடுத்துக் குடுத்து கால்ல விழுந்துட்டு வந்தேன்.”

டீ குடித்துக்கொண்டு அங்கே நின்ற பொன்செல்விக்கு, பையைப் பிரித்தபோது அடித்த நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது. பாதி டீயைத் தரையில் ஊற்றினாள்.

“டாக்டரம்மாட்ட ஏன் சொல்லலன்னு இவங்ககிட்டயும் சொல்லேன்யா.”

“அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?” என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்குப் பின்னால் நின்ற நிர்மலாதேவி வாயைத் திறந்தாள். தொண்டையில் குழாய் போட்டதில் குரல் கரகரத்திருந்தது. “எனக்கு எல்லாம் கேட்டுச்சுக்கா. கண்ணுதான் தொறக்க முடியல, நாக்கு பொரளல. சொல்லக் கூடாதுன்னு இவரு உங்ககிட்ட சொன்னது, நீங்க டாக்டரம்மாட்ட போயி கட்டுவிரியன்னு சொன்னது, எல்லாமே.”

அவள் கணவனைப் பார்க்கவில்லை. “நான் ராயகிரிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். இவரு பக்கத்துல படுத்தா எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது.”

பொன்செல்வி நிர்மலாதேவியின் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவளோடு நடந்தாள்.