என் மேஜை டிராயரில் ஒரு பிள்ளையின் காய்ச்சல்

பேய், செய்வினை, கண்ணேறு, இந்தப் பேச்செல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், அது கல்யாண வீடாக இருந்தாலும் சரி. இப்போது நானே உங்களிடம் வந்து உட்கார்ந்து இப்படி ஒரு கதையைச் சொன்னால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான், அதில் ஒரு புள்ளி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு மாடியில், ஆஸ்பத்திரிச் சாமான்களைச் சோதித்துப் பார்க்கிற சின்ன கூடத்தில் வேலை செய்கிறேன். பிரஷர் பார்க்கிற கருவி, எடை பார்க்கிற தராசு எல்லாம் வரும். என் கைக்கு வருவது டிஜிட்டல் தெர்மாமீட்டர். வேலை ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரு தொட்டியில் தண்ணீர், அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும் மோட்டார், தண்ணீரின் சூடு துல்லியமாக எவ்வளவு என்று சொல்லும் மூலக் கருவி ஒன்று. தெர்மாமீட்டரின் முனையைத் தண்ணீரில் இறக்கி, 'பீப்' வரும்வரை காத்திருந்து, இரண்டு எண்ணையும் ஒப்பிட வேண்டும். மயிரிழை வித்தியாசத்துக்கு மேல் போனால் தள்ளிவிடுவேன். பிறகு கீழே போட்டுப் பார்ப்பது, முனை விரிசல் விடுகிறதா, உள்ளே தண்ணீர் இறங்குகிறதா என்று பார்ப்பது. ஒரு பிள்ளையின் வாயில் வைக்கிற சாமான் அல்லவா, இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. முதலாளி என்னைக் 'கறார் மெர்லின்' என்றுதான் கூப்பிடுவார், முகத்துக்கு நேராகவே.

போன மழைக்காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைத் தெர்மாமீட்டர் ஒன்று கவருக்குள் வந்தது, புகார் என்று எழுதி. அஞ்சுகிராமத்திலிருந்து செல்வி என்றொருத்தி தன் மகள் நித்யாவைக் காய்ச்சல் என்று கொண்டு போயிருக்கிறாள், எல்கேஜி படிக்கிற பிள்ளை. இந்தத் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியிருக்கிறது. காய்ச்சலே இல்லை என்று நர்ஸ் உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. எப்படியோ சமாளித்து, பிள்ளை பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கருவி சரியா தப்பா என்று நான் சொல்ல வேண்டும்.

சோதித்தேன். கச்சிதமாக இருந்தது. தண்ணீரின் சூட்டை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் கூடவே வந்தது. எனக்கு எரிச்சல். இவ்வளவு நல்ல கருவி எப்படி ஒரு பிள்ளைக்குத் தப்பாகக் காட்டும்?

அந்தச் செல்வி எங்கிருந்தோ என் நம்பரை வாங்கி எனக்கே போன் போட்டாள்.

"எக்கா, அந்த மெஷினு பொய்தான் சொல்லிச்சுன்னு எழுதித் தாங்க. பிள்ளைக்க நெத்தி தீயா கொதிக்கு, அது என்னடான்னா ஒண்ணுமில்லங்குது. எனக்க கை பொய் சொல்லுமா?"

"உன் கையை நான் டெஸ்ட் பண்ணலியே மக்கா, மெஷினைத்தான பண்ணுகேன்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன், அவளும் வைத்துவிட்டாள்.

இந்த ஜாதித் தெர்மாமீட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்கள் வீட்டில் இருந்தால் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அமுக்கியதும், கடைசியாக அது பார்த்த காய்ச்சல் எவ்வளவோ அந்த எண்ணை ஒரு கணம் காட்டிவிட்டுத்தான் புதிதாகத் தொடங்கும். முந்தின நாள் நான் கடைசியாகப் பார்த்தது நன்றாகச் சூடேற்றிய தண்ணீர், நூற்றைந்துக்கும் மேலே. மறுநாள் காலையில் பொத்தானை அமுக்கினால் நூற்றொன்று புள்ளி இரண்டு என்று காட்டுகிறது. நான் அப்படி ஓர் அளவைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து மேஜையில் ரெஜின் இருக்கிறான். வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் சும்மா இருக்காது. அவன் வாயில் வைத்து விளையாடியிருக்கிறான் என்றே நினைத்தேன்.

"ஏலே, உனக்கு விளையாட வேற சாமான் கெடைக்கலியா?"

"எக்கா, சத்தியமா நான் தொடல்ல. ஆருக்க வாயில கெடந்ததோ, அத எடுத்து எனக்க வாயில வைக்க எனக்கென்ன கிறுக்கா?"

அதுவும் நியாயம்தான். இருந்தாலும் அன்று சாயங்காலம் அதை என் டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். காலையில் வந்து நானே திறந்தேன். நூறு புள்ளி ஆறு.

சிப்பு கெட்டுப்போய் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டுகிறது என்றான் ரெஜின். நானும் அப்படியே எழுதி முடித்திருப்பேன். அதற்குள் செல்வி மறுபடியும் போனில் வந்தாள். நான் எழுதிவிட்டேனா என்று கேட்கத்தான் வந்தாள். பேச்சுவாக்கில், "நேத்தும் பிள்ளைக்கு லேசா இருந்துது எக்கா, மெடிக்கல்ல புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம்லா, அதுல நூறு புள்ளி ஆறு காட்டிச்சு" என்றாள்.

"முந்தாநாள்?" என்று என் வாய் தானாகக் கேட்டது.

"அன்னைக்கு நூத்தியொண்ணும் சொச்சமும். ஏன்க்கா?"

சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். டிராயரை இழுத்து மூடிவிட்டேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் உடனே பயந்து ஜெபக்கூட்டத்துக்கு ஓடுகிற ஆளில்லை. ஒரு தடவை ஒத்துப்போனால் தற்செயல், இரண்டாவது தடவையும் தற்செயலாக இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதுமில்லை, தள்ளுவதுமில்லை, அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

ஆகவே வழக்கம்போலச் சோதித்தேன். செல்வியிடம், "ஒரு விவரம் வேணும், நான் போன் போடும்போ பிள்ளைக்குப் பாத்து எவ்வளவுன்னு சொல்லு" என்றேன். காரணம் கேட்காமல் சரி என்றாள், பாவம். முதலில் நான் டிராயரைத் திறந்து பொத்தானை அமுக்கி எண்ணைப் பார்த்துக்கொள்வேன். பிறகு போன் போடுவேன். அவள் பார்த்துச் சொல்வாள். ஒரு நாள் காலையில், ஒரு நாள் மதியம், ஒரு நாள் பிள்ளை வெந்நீரில் குளித்து முடித்த கையோடு. ஒவ்வொரு தடவையும் ஒரே எண். ஒரே ஒரு தடவை புள்ளி ஒன்று வித்தியாசம் வந்தது. அந்த வித்தியாசத்தை எங்கள் விதியே அனுமதிக்கிறது. நம்பினால் நம்புங்கள், அந்தத் தெர்மாமீட்டர் கோட்டாற்றில் ஒரு பூட்டிய டிராயருக்குள் கிடந்தபடி அஞ்சுகிராமத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் பாஸ் மார்க் வாங்குகிற துல்லியத்தோடு. பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குச் சொல்லாத சவம், இப்போது இவ்வளவு தூரத்திலிருந்து சொல்கிறது. எனக்கு அதன்மேல் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

காய்ச்சல் விட்டுவிட்டது, எண்ணும் தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று செல்வியும் சொன்னாள். சரி, அத்தோடு முடிந்தது என்று ஆசுவாசப்பட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க டிராயரைத் திறந்தேன். சும்மா அமுக்கிப் பார்த்தேன், ஏன் அமுக்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நூற்றிரண்டு புள்ளி ஒன்பது. அணைத்துவிட்டு மறுபடியும் அமுக்கினேன். நூற்று மூன்று புள்ளி நான்கு. கண் முன்னால் ஏறுகிறது.

செல்விக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. நூற்று நான்கு.

"ரெஜின், ஆபீஸ் வண்டிச் சாவியத் தா" என்றேன்.

"எக்கா, ஒரு கெட்டுப்போன மெஷின நம்பி அஞ்சுகிராமம் வரைக்குமா போகப் போறிய? அங்க போயி என்ன சொல்லுவிய?"

"அதப் போயிப் பாத்துக்கிடலாம். சாவியத் தாலே!"

அவன் சொன்னது சரிதான். போய் என்ன சொல்வது? சுசீந்திரம் தாண்டும்போதும் அதைத்தான் யோசித்தேன், மயிலாடி தாண்டும்போதும் அதைத்தான். எதிர்க்காற்று வண்டியையே தள்ளுகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தால் ஊரெல்லாம் என்னைப் பைத்தியம் என்பார்கள். சொல்லட்டும். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தால் அந்த அவமானம் எனக்குச் சந்தோஷம்தான். திரும்பிப் போகிற பேச்சே இல்லை என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்வாசலில் செல்வி தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள், மோட்டார் சத்தத்தில் நான் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. போன் உள்ளே பிள்ளை பக்கத்தில், பிள்ளை முழித்துவிடக் கூடாது என்று சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறாள்.

"நான் மெர்லின், தெர்மாமீட்டர் பாக்குகவ. பிள்ள எங்க?"

"ஸ்கூல்ல இருந்து வந்து ஒறங்குகா. நல்லாத்தான் இருந்தா. என்னக்கா?"

பதில் சொல்ல நான் நிற்கவில்லை, செருப்போடு உள்ளே போய்விட்டேன். பிள்ளை மல்லாந்து கிடந்தாள். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. வயிற்றில் கை வைத்தேன், அடுப்புக் கல்லில் வைத்த மாதிரி இருந்தது. கை வைத்த அந்தக் கணத்தில் பிள்ளையின் கண் மேலே சொருகி, உடம்பு வெட்டத் தொடங்கியது.

செல்வி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "சாவி, சாவி" என்று இரும்புச் சாவியைத் தேடி ஓடினாள், வலிப்பு வந்தால் கையில் கொடுப்பார்களே, அதற்கு. "சாவியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், ஆட்டோவக் கூப்பிடுட்டி!" என்று கத்திக்கொண்டே பிள்ளையை ஒருச்சாய்த்துப் பிடித்தேன். அதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். ஒருச்சாய்ந்து இருந்ததால் வெளியே போனது. வெட்டு நின்ற பிறகு மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் நல்ல மனுஷர். எல்லாம் அடங்கிய பிறகு வெளியே வந்து, யாரும் பக்கத்தில் இல்லாமல் மல்லாந்து கிடந்து அந்த வாந்தியை எடுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார். செல்வி என் கையைப் பிடித்தாள், விடவே இல்லை.

"எக்கா, நீங்க எப்படிக்கா அந்நேரத்துக்கு வந்திய? ஆரு சொன்னா?"

"ஒரு கையெழுத்து வேண்டியிருந்துது, அதான் வந்தேன்" என்றேன். இன்றுவரை அவளுக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

அந்தத் தெர்மாமீட்டரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. தண்ணீரில் சரியாகக் காட்டுகிறது, ஆனால் ஆளுக்கு வைக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது எப்படி இரண்டையும் ஒன்றாக எழுதலாம் என்று முதலாளி குதித்தார். என் கையெழுத்து வேண்டுமானால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். கருவி எங்கே என்று கேட்டதற்குக் கீழே போடும் சோதனையில் உடைந்துவிட்டது என்றேன். பொய்தான். என் வேலையில் நான் சொன்ன ஒரே பொய்.

ஒரு நாள் எனக்கே போதும் என்று ஆகிவிட்டது. அடுத்தவள் பிள்ளையின் உயிரை எண்ணாக டிராயருக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும்? மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றி, ரெஜின் பார்க்கவே குப்பையில் போட்டேன். மறுநாள் காலையில், கை பழகிய பழக்கத்தில், பொத்தானை அமுக்கிவிட்டேன்.

தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு.

ரெஜின் மூடியைத் திறந்து பேட்டரி இருக்கிற குழியில் விரலை விட்டுப் பார்த்தான். காலியாக இருந்தது. அன்றிலிருந்து அவன் என் மேஜைப் பக்கமே வருவதில்லை, ஏதாவது வேண்டுமென்றால் தூரத்திலிருந்தே கேட்கிறான். நான் மட்டும் தினம் காலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு முதலில் டிராயரைத்தான் திறக்கிறேன். எண் சரியாக இருந்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

இதுவரைக்கும் நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. இனி சொல்வதுதான் என்னை உறங்க விடாமல் செய்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்றால் திரையின் மூலையில் ஒரு சின்ன பேட்டரிப் படம் மினுங்கும், பார்த்திருக்கிறீர்கள்தானே. போன திங்கட்கிழமையிலிருந்து இதில் அந்தப் படம் மினுங்குகிறது. பேட்டரியே இல்லை. அப்படியென்றால் தீர்ந்துகொண்டு வருவது எது?

நித்யாவை நாகர்கோவிலுக்கு வரவழைத்து, ஒரு பரிசோதனை பாக்கி விடாமல் எடுக்க வைத்தேன். ஒரு குறையும் இல்லை, பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். செல்விக்கு நான் எதற்கு இப்படிக் கிடந்து துடிக்கிறேன் என்று புரியவில்லை, எக்காவுக்குப் பிள்ளைமேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்கிறாள். பாசமும்தான். பிள்ளையைத் தனியாக உறங்க விடாதே, போன் சத்தத்தை அணைக்காதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். வண்டியில் எப்போதும் பெட்ரோல் நிறைத்து வைத்திருக்கிறேன். விட்டுவிடுவேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இன்று காலையும் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. படம் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது, நேற்றைவிட எண் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. செல்விக்குப் போன் போட்டேன். பிள்ளையிடமே கொடுத்தாள். "பெரியம்மா, நான் தோசை தின்னுகேன்" என்றாள்.