ஒரு கட்டை இறக்கிய தாலாட்டு

மெல்லிசைக் குழுவில் பழைய பாட்டுப் பாடுகிறவளுக்கு முதல் எதிரி, ரெக்கார்டில் இருக்கும் குரல். அதற்குச் சளி பிடிக்காது, வயதும் ஆகாது. என்னைப் போல மைக் பிடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு மிளகை வாயில் அடக்கிக்கொண்டே படியுங்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆவடியில் மோசஸ் மாஸ்டர் நடத்திய குழுவில் எனக்கென்று இருந்தது ஒரே தனிப்பாட்டு, கறுப்பு வெள்ளைக் காலத்துத் தாலாட்டு. அது கையை விட்டுப் போனால் கடைசிவரை கோரஸில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பயத்திலேயே என் நல்ல வயது கழிந்தது.

தொய்ந்த பெல்ட்

அந்தப் பாட்டை நான் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதற்குள் இருந்த பெல்ட் தொய்ந்துபோயிருந்தது எனக்குத் தெரியாது. பாட்டு மெதுவாக, கனத்த குரலில் இழுத்து இழுத்து வந்தது. பாட்டே அப்படித்தான் என்று நினைத்து, அதே இழுப்போடு மனப்பாடம் செய்துவிட்டேன்.

முதல் ஒத்திகையில் மாஸ்டர் ஆர்மோனியத்தில் ரெக்கார்டின் சுருதியை வைத்தார். நான் ஒரு கட்டை கீழே ஆரம்பித்தேன். அவர் நிறுத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். சொக்கிவிட்டார் என்றே நினைத்தேன். பாடி முடித்ததும் கண்ணைத் திறந்து சொன்னார்: "ஏம்மா ஸ்டெல்லா, கொழந்த தூங்கப் பாடச் சொன்னா, நீ தூங்கிகினே பாடறியே?"

இரண்டாம் சரணம்

ஆனாலும் அவர் என் கட்டைக்கே ஒத்துக்கொண்டார். ரெக்கார்டில் வரும் வயலின் கூட்டத்துக்கு நாங்கள் எங்கே போவது? புல்லாங்குழலும் மெல்லிய தபேலாவும் போதும் என்று முடிவாயிற்று. ஒரே நிபந்தனை, கல்யாண வீட்டில் இரண்டாம் சரணம் கூடாது. அதில் அந்தத் தாய், போனவன் திரும்பவில்லையே என்று அழுவாள். அதற்குப் பதிலாக முதல் சரணத்தையே இரண்டு முறை பாட வேண்டும். எந்தக் குழுவும் அப்படித்தான் செய்யும்.

பூந்தமல்லியில் ஒரு வரவேற்பு. முதல் சரணத்தில் மேலே ஏறும் இடம் வரும். அதில் குரல் பிசிறடிக்குமோ என்ற கவலையிலேயே இருந்தேன். அதைத் தாண்டிய நிம்மதியில் கண்ணை மூடி இரண்டாம் சரணத்துக்குள் போய்விட்டேன். புல்லாங்குழல்காரர் இருமிப் பார்த்தார், எனக்கு உறைக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பெண்ணின் தாய்மாமன் மேடை மேல் நின்றார். "பாட்டு நல்லாதாம்மா கீது. ஆனா பொண்ணு இன்னும் மாப்ள ஊட்டுக்கே போவல, அதுக்குள்ள புருஷன காணாம அடிச்சிட்டியே!"

ஆடி மாதம்

அதன் பிறகு எந்த ஊரிலும் இரண்டாம் சரணம் கிடையாது என்றார் மாஸ்டர். என் குரல் சிரமமில்லாமல் உட்காரும் இடம் அதுதான், அதுவே போயிற்று. மறு வருஷம், தானாகவே தாளம் போடும் ரிதம் பாக்ஸ் வாங்கினார். தாலாட்டுக்குக் கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போகிறது, கொஞ்சம் வேகம் வேண்டும் என்றார்.

வெள்ளானூர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் அந்த மெஷினோடு பாடினேன். மூச்சு விட இடமில்லை. எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று தெரியாமல் பின்னாலேயே ஓடினேன். பையன்கள் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். மூச்சு முட்டி ஒரு வரியை விழுங்கிவிட்டு நின்றேன். முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "யக்கா, நிறுத்தாத! கொழந்த முழிச்சிகினா நாங்க பாத்துக்கறோம்!"

அம்பத்தூர்ப் பெண்

அம்பத்தூரிலிருந்து ஜெயா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ரெக்கார்டின் கட்டையிலேயே, வலிக்காமல் ஏறி இறங்கினாள். கீபோர்டில் வயலின் கூட்டமும் வந்துவிட்டது. தாலாட்டு அவளுக்கு, பின்னால் ஹம்மிங் எனக்கு. ஒரு தடவையாவது என் கட்டையில், ரிதம் பாக்ஸ் இல்லாமல் பாடிக்கொள்கிறேனே என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் தேவலை. "ரெக்கார்டுல கீற மாரி பாடுனாதாம்மா கை தட்றாங்க. நீ பாடறது உன் பாட்டு. அதுக்கு நம்மள யாரும் கூப்பிடலியே."

படத்திறப்பு

பழைய அம்பத்தூரில் ஒரு வீட்டில் அம்மா இறந்து பதினாறாம் நாள், படத்திறப்பு. அந்த அம்மாவுக்குப் பிடித்த தாலாட்டு அது என்று மகன் கேட்டிருந்தார். கல்யாணமாகாத பெண்ணைச் சாவு வீட்டில் பாட விடமாட்டேன் என்று ஜெயாவின் அம்மா மறுத்துவிட்டாள். மாஸ்டர் என்னிடம் வந்து, "எப்படி வேணுமோ பாடிக்க" என்றார்.

என் கட்டை. இரண்டு சரணமும். தபேலாவும் வேண்டாம் என்றேன். புல்லாங்குழல் மட்டும், அதுவும் நான் மூச்சு எடுக்கும் இடத்தில். தொய்ந்த பெல்ட்டில் கேட்டது போலவே இழுத்துப் பாடினேன். குரல் உடைந்த இடத்தை மறைக்கவில்லை. மகன் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். அந்த மாதிரி வீட்டில் யாரும் கை தட்டமாட்டார்கள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவருடைய சித்தப்பா பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க பெரியண்ணனுக்கும் ரொம்ப முடியாம கீதும்மா. எதுக்கும் நீ இந்த மாசம் எங்கியும் ஊருக்குப் போயிடாத."

அன்று முதல் அந்தத் தாலாட்டு மறுபடி என்னுடையதாயிற்று; என் கட்டையில், என் இஷ்டப்படியே பாடிவந்தேன். யாருக்காகப் பாடினேனோ அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாலை போட்ட படத்துக்குள் இருந்தார்.