காலண்டருக்குப் பின்னால் விழுந்த மூன்று

போன ஐப்பசியில், மழை விடாத ஒரு ஞாயிறு மதியம், நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. நானும் என் கணவரும், கூத்தாநல்லூரில் துணிக்கடை வைத்திருக்கும் என் தோழியும் வாராவாரம் ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். நிலைமையை நான் சொல்வேன். என்ன செய்வதென்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை முடிவு செய்யும். தினசரி காலண்டரை மறைப்பாக நிறுத்தி, எவர்சில்வர் தட்டில் நான்தான் உருட்டுவேன்.

அன்று கதையில் வெள்ளம். தோழியின் பாத்திரம் ஓர் ஓடக்காரி. ஆறு வாரமாக நோட்டில் வரைந்து, மூக்குத்தி வரை வைத்து வளர்த்தவள்.

"தண்ணி ஊருக்குள்ள வராம, மதகுல குதிச்சுப் பலகையை இறக்குறேன்" என்றாள்.

பன்னிரண்டோ அதற்கு மேலோ விழ வேண்டும். இல்லையென்றால் ஆற்று வெள்ளம் அவளைக் கொண்டுபோகும் என்று சொல்லி உருட்டினேன்.

மூன்று.

ஓடக்காரி போனால் தோழியும் வராமல் போய்விடுவாளோ? மழை, முறுக்கு, இந்தச் சிரிப்பு எல்லாம் அதோடு போய்விடுமோ?

"பதினாலு!" என்றேன்.

முறுக்குக்குக் கை நீட்டியவள் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது மூணு."

"உங்க அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும்மா" என்றார் கணவர். அவள் சிரிக்கவில்லை.

"வீட்டுலயும் கடையிலயும் எனக்காக யாராவது முடிவு பண்ணிடுறாங்க. இங்கயாச்சும் நான் விழுந்தா விழுந்ததாவே இருக்கட்டுமே. நீங்களுமாக்கா?"

காலண்டரை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சரி, மூணுதான். பலகை பிடுங்கிக்கிச்சு. ஆறு உன்னை இழுத்துட்டுப் போகுது. என்ன செய்யப் போறே?"

அவள் நோட்டைத் திறந்து ஓடக்காரியைப் பார்த்தாள்.

"எதிர்த்து நீந்த மாட்டேன். தண்ணியோடவே போறேன். வடிகால் பக்கம் ஒதுங்கினதும் கரையை வெட்டி, வெள்ளத்தை அதுல இறக்கி விடுறேன்."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிப் போடு! காலையில நம்ம சம்பா வயல்ல தண்ணி வடிய நான் வரப்பை வெட்டிட்டு வந்ததும் அதான்."

இதற்கும் பன்னிரண்டு வேண்டும் என்று சொல்லிப் பகடையை அவள் கையில் கொடுத்தேன். எல்லோரும் பார்க்க உருட்டினாள். சரியாகப் பன்னிரண்டு. ஓடம் போனது, ஓடக்காரியும் ஊரும் பிழைத்தார்கள். நான் யோசித்து வைத்திருந்த கதையைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது.

காலண்டர் ஆணிக்குத் திரும்பிவிட்டது. அவளும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். இப்போதும் யாருக்காவது நல்லது செய்வதாக நினைத்து என் கை முந்தும்போது, தட்டில் கிடந்த அந்த மூன்று கண்முன் வருகிறது. கையை இழுத்துக்கொண்டு, "நீ என்ன செய்யப் போறே?" என்று முதலில் கேட்கிறேன்.