தொழில் அட்டைகளும் சிஐடி டீச்சரும்

மழலையர் வகுப்பு டீச்சருக்கு ஆசிரியர் அறையில் வைத்திருந்த பெயர் ‘சிஐடி’. காலையில் தானே மூடி வைத்த சாப்பாட்டு டப்பாவைக்கூட, வைத்த அளவுதான் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். “உண்மையைச் சொன்னாலும் ரெண்டு சாட்சி கேக்குறா” என்று அவர் கணவர் அலுத்துக்கொள்வார். அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை டீச்சர். ஏமாறுகிறவர் இருக்கும்வரை ஏமாற்றுகிறவரும் இருப்பார் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரிடம் ஐந்து வயதுப் பிள்ளைகள் அட்டை படித்தன. மருத்துவர், ஓட்டுநர், தையல்காரர், தபால்காரர் என்று ஊருக்கு உழைக்கிறவர்களின் பெயர்களைக் கறுப்பு மையில் பெரிதாக எழுதிய அட்டைகள். படம் கிடையாது. எழுத்துக் கூட்டவும் கூடாது. தெரிந்த முகத்தை அடையாளம் காண்பதுபோல் பார்த்தவுடன் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் பிள்ளைகள் அத்தனையும் சொல்லிவிட்டன.

வேறு யாராக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பார்கள். சிஐடி பூரிக்கவில்லை. தன் பெயரையே பாதி எழுதிவிட்டுப் பென்சிலைக் கடிக்கிற வாண்டுகள் ‘தீயணைப்பு வீரர்’ என்று கடகடவென்று சொன்னால் எப்படி நம்புவது? இதில் ஏதோ சூது இருக்கிறது.

முதலில் அட்டைகள்மேல் சந்தேகம். மருத்துவர் அட்டையில் டீக் கறை, தபால்காரர் அட்டையில் மடங்கிய முனை. அதைப் பார்த்துச் சொல்கின்றனவோ? எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். அப்போதும் சொல்லின. வரிசையைக் கலைத்தார். அப்போதும் சொல்லின. கேட்டில் அம்மாக்களை நிறுத்தி விசாரித்தார். “பையைத் திறந்து பாக்கவே நேரமில்ல டீச்சர், இதுல அட்டை வேறயா?” என்று சிரித்தார்கள்.

மிச்சமிருந்தது ஆயா. தண்ணீர் பாட்டில்களை நிரப்பி அடுக்கிக்கொண்டு, ஜன்னலோரம் பக்கவாட்டில் நிற்கிறவர். ஒருநாள் டீச்சர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். ஆயாவின் உதடுகள் அசைந்தன. ஓட்டுநர். அடுத்த அட்டை. மறுபடி அசைந்தன. தபால்காரர்.

கையும் களவுமாக அகப்பட்டாயிற்று என்று நேராகத் தலைமையாசிரியையிடம் போனார். ஆயாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்தாரே தவிர, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “இந்த வாரத்தோட நின்னுக்கங்க. அதுவரைக்கும் ஸ்டோர் ரூம்ல இருங்க” என்று முடித்துவிட்டார் தலைமையாசிரியை.

மறுநாள் டீச்சருக்குக் கடுமையான ஜலதோஷம். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். தையல்காரர் அட்டையை எடுத்துக் காட்டினார். வகுப்பில் பேச்சுமூச்சில்லை. ஓட்டுநர். இருமல் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். நினைத்தது சரியாகப் போயிற்றே என்று அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆயா போனார், பிள்ளைகளின் படிப்பும் போயிற்று!

முன்வரிசை வாயாடிச் சிறுமி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், வாயைக் காட்டுங்க. வாய் தெரியாம எப்படிப் படிக்கிறது?”

டீச்சர் மெதுவாக மாஸ்க்கை இறக்கினார். மருத்துவர் அட்டையைத் தூக்கினார். தூக்கும்போதே தன் உதடுகள் ஒட்டிக்கொண்டு ‘ம’வுக்குத் தயாராவதை முதன்முறையாக உணர்ந்தார். “மருத்துவர்!” என்று வகுப்பே கத்தியது. அடுத்த அட்டைக்கு உதடு குவிந்தது. “ஓட்டுநர்!” உதடு அசையாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைக் காட்டினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். சிஐடிக்குத் தன் வாயே தெரியாமல் போயிருந்தது. காது மடல் சுட்டது. வெட்கம்தான், வேறென்ன.

இடைவேளையில் ஸ்டோர் ரூமுக்குப் போனார். ஆயா பழைய பாய்களை உதறிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லிக் குடுக்கலையே. அன்னைக்கே இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“வாய் அசைஞ்சது நெஜந்தானே, டீச்சரம்மா.” ஆயா வெளியே யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். “எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியும்னு சொல்லித்தான் வேலைக்கே சேந்தேன். பசங்களோட பசங்களா நானும் உங்க வாயையும் பாத்து, எழுத்தையும் பாத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன். அதைச் சொன்னா மட்டும் வேலை இருக்குமா?”

 டீச்சர் ஜலதோஷத்தின்மேல் பழியைப் போட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

தலைமையாசிரியையிடம் தன் வாயின் வண்டவாளத்தை ஒப்புக்கொண்டார். “சரி, அப்ப ஆயாவோட வாய் ஏன் அசைஞ்சுது?” என்று அவர் கண்ணை இடுக்கிக் கேட்டார். அந்தப் பார்வை டீச்சருக்கு நன்றாகப் பழக்கமானது. கண்ணாடியில் தினமும் பார்ப்பதாயிற்றே.

“பாட்டு மேடம். வேலை செய்யும்போது முணுமுணுக்கிற பழக்கம்” என்று கூசாமல் புளுகினார்.

அடுத்த நாள் ஆயா பழையபடி ஜன்னலோரம் வந்து நின்றார்.

“அங்க நின்னா என் வாய் தெரியும். பின்னாடி வந்து உக்காருங்க” என்றார் டீச்சர்.

ஆயா கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்தார். டீச்சர் தையல்காரர் அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டார். பிள்ளைகள் வாயைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தன. பிறகு கடைசி வரிசையிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

“தை... தையல்காரர்.”

டீச்சர் அட்டையை இறக்கினார். பழக்கதோஷம், ஆயாவுக்கு எந்தப் பிள்ளை சொல்லிக்கொடுத்தது என்று வரிசை வரிசையாகப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு ஆயாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.