செலின் செய்த போணி

நான் வேலை பார்த்த இறால் கம்பெனியை மூடியதும், திரேஸ்புரம் கடற்கரையில் ஏலம் எடுத்த சாளை மீனோடு எங்கள் தெருமுனையில் உட்கார்ந்தேன். முதல் நாள் கூவி விற்கவே வெட்கமாக இருந்தது. தினமும் சிரித்துப் பேசுகிற ஆட்களிடம் காசுக்குக் கை நீட்டுவதா?

முதலில் வந்தது எதிர்வீட்டு செலின். "அம்பது ரூவாய்க்குப் போடு" என்றாள்.

அவள் பை நிறைய அள்ளிப் போட்டேன். "ஒங்கிட்டப் போய்க் காசு வாங்கவா? சும்மா கொண்டு போளா."

அவள் முகம் மாறியது. மீனை அப்படியே கூடையில் கவிழ்த்தாள்.

"ஏளா, போணியிலயே சும்மா குடுப்பாளா ஒருத்தி? இன்னைக்கு ஓசியில வாங்கிட்டா நாளைக்கு எந்த மூஞ்சியோட வருவேன்?"

ஐம்பது ரூபாய்க்கு மீனை அள்ளிக் கொடுத்து, அவள் நீட்டிய நோட்டை வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டேன். அதன் பிறகு குரல் தானாக வந்தது. மதியத்துக்குள் கூடை காலி.

மறுநாள் காலையிலேயே செலின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து சாளையில பாதி வயிறு உடைஞ்சுல்லா கெடந்துச்சு! ஏமாத்தப் பாக்கியா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சும்மா கொடுத்திருந்தால், பாவம், வாயே திறக்காமல் அந்த மீனைத் தின்றிருப்பாள்.