மேல் இமைக்கு அடியில்

கை கழுவித் துடைத்ததும் அவர் நேராக ஆளின் கண்ணைத் தொடமாட்டார். கருவியின் விளக்குக் கூண்டு எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அதன் தலையில் இரண்டு கை விரல் நுனிகளையும் வைத்து, மூன்று மூச்சு நிற்பார். பிறகுதான் இமையைத் தூக்குவார். சில்லென்ற விரல் பட்டால் கண் இறுகிக்கொள்ளும், படம் போச்சு.

கண் ஆஸ்பத்திரியில் கருவிழியைப் படம் எடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே இருட்டறை, அதே சுழல் நாற்காலி. பெயர் ரெஜிஸ்டரில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லார் வாயிலும் இருப்பது ‘இன்னொண்ணு அக்கா’. எத்தனை படம் எடுத்தாலும், “இன்னொண்ணு எடுத்துக்கிறேன்” என்பார். அந்த இன்னொண்ணு பெரும்பாலும் மேல் இமைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஓரம்தான். அதை யாரும் கேட்பதில்லை, அக்காவும் விடுவதில்லை.

ஒருநாள் பதினாறு வயதுப் பெண்ணை அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள். எழுத்து கோணிப் போகிறது, பார்வைக் கோளாறோ என்று டாக்டர் கருவிழியின் வளைவை மட்டும் எடுக்கச் சீட்டு எழுதியிருந்தார்.

“எல்லாம் நடிப்புங்க. பரீட்சை வந்தா கை நடுங்குமாம். செல்போன் பிடிச்சா மட்டும் நடுங்காது!” என்றாள் அம்மா.

“அதுலயும் நடுங்குதும்மா. நீ பார்க்கலை” என்றாள் பெண், தாடையைத் தாங்கியில் வைத்தபடி. தாடையும் லேசாக நடுங்கியது.

வளைவுப் படம் ஒழுங்காகவே வந்தது. அதோடு அனுப்பியிருக்கலாம்.

“இன்னொண்ணு எடுத்துக்கிறேன். கீழ பாரு கண்ணு.”

இமையைத் தூக்கி, ஒளியை நூலாக ஒடுக்கிச் சாய்த்துவிட்டார். கரிய கண்ணில் பழுப்பு நிறம் எளிதில் பிடிபடாது. ஆனால் மேல் ஓரத்தில், பிறை போல, பழுப்பும் பொன்னுமாக ஒரு கறை தெரிந்தது. தலை ஆடி ஆடிப் படம் கலைந்தது. பதினொன்றாவதுதான் தெளிவாக விழுந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையில்லை. படத்தோடு டாக்டர் அறைக்குப் போனார்.

“வந்துட்டாங்கய்யா இன்னொண்ணு! நான் கேட்டது வளைவு மட்டும்தானே?”

“மேல் ஓரத்தையும் பாருங்க சார்.”

“வயசானா வர்ற வளையமா இருக்கும்.”

“பொண்ணுக்குப் பதினாறு சார். அது வெள்ளையா, ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டு நிக்கும். இது ஓரத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. எழுந்து, தானே இருட்டறைக்கு வந்து பார்த்தார். கல்லீரல் மருத்துவரிடம் அன்றே அனுப்பினார். ரத்தமும் சிறுநீரும் சந்தேகத்தை உறுதிசெய்தன: உடம்பு வெளியேற்ற முடியாத செம்பு, கல்லீரலில் சேர்ந்து, மூளையையும் தொட்டிருந்தது. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்த குறை. அவர்களுக்கோ ஒரு அறிகுறியும் இல்லை. விட்டிருந்தால் உயிருக்கே உலை. மாத்திரை உண்டு, ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும்.

மறுமுறை வந்தபோது அம்மா இருட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். “நடிக்காதடின்னு அடிச்சிட்டேங்க.”

“அதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க, என்கிட்ட எதுக்கு?” என்றார் அக்கா. “இது கூடப்பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். உங்க பெரிய பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. கண்ணு சுத்தமா இருந்தாலும் ரத்தம் டெஸ்டுக்குக் குடுத்துடணும். என் படத்துல தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை.”

பெரியவளுக்கு இல்லை. சின்னவள் அடுத்த வருஷம் பரீட்சை எழுதினாள். எழுத்து இன்னும் கோணல்தான், ஆனால் கோட்டை விட்டு இறங்கவில்லை.

வெகுநாள் கழித்தே வெளியே தெரிந்த செய்தி ஒன்று உண்டு. சீட்டில் இல்லாத படம் எடுத்து நேரத்தை வீணாக்கினால் படப்பிரிவிலிருந்தே மாற்றப்படுவார் என்று நிர்வாகம் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தது. அந்தப் பெண் வந்த அன்று காலையில்தான் அக்கா அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.